7,000 தொன் என்ற பேச்சும் 1,800 தொன் என்ற கணக்கும்: சீமெந்துக் களஞ்சியத் திட்டமிடல் சேவை ஒன்றின் மதிப்பீடு

திருகோணமலையிலிருந்து கந்தளாய் செல்லும் வீதியில், தம்பலகாமச் சந்திக்கு முன்னால், முன்பு நெல் மூடைகள் அடுக்கப் பயன்பட்ட ஒரு பழைய களஞ்சியத்தை நாங்கள் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தோம். எங்களுடைய தொழில் கலவைக் கொங்கிறீற்றும் சீமெந்துக் கல்லும். மூடையில் வராத சீமெந்தை, அதாவது பவுசரில் தூளாகவே வருகின்ற சீமெந்தை, மொத்தமாக வாங்கி இருப்பில் வைத்து, அன்றன்றைக்குத் தேவையான அளவை எங்கள் கலவை ஆலைக்கும் வேலைத்தளங்களுக்கும் அனுப்புவதே நோக்கம். சீனன்குடாவில் 1980களில் இருந்தே சீமெந்துத் தொழிற்சாலை இயங்கும் ஊரில் இருந்துகொண்டு ஏன் இருப்பு வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள், 2021 இன் இறுதியில் ஒரு மூடை சீமெந்துக்காக வன்பொருள் கடைகளின் வாசலில் நின்றதை மறந்திருப்பார்கள். நாங்கள் மறக்கவில்லை.

இந்தக் களஞ்சியத்தைத் தரையில் குவித்து வைக்கும் சீமெந்துக் கிடங்காக மாற்றுவதற்கான திட்டத்தை வரைந்து தரும்படி கொழும்பிலிருந்து இயங்கும் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினோம். அந்தச் சேவை எப்படி இருந்தது என்பதே இந்த எழுத்து. நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. குறை சொல்லும் இடங்கள் சில இதில் வருகின்றன. அவற்றுக்கு அவர்களுடைய பதில் இங்கே இடம்பெறப் போவதில்லை என்பதே காரணம்.

கட்டடம் 40 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலம், கூரை விளிம்பு வரை ஆறரை மீற்றர் உயரம். குத்தகைக்குத் தந்தவர், எங்களுக்கு முன்னால் கைத்தொலைபேசியிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 800 சதுர மீற்றரை 6 மீற்றரால் பெருக்கினால் 4,800 கனமீற்றர், சீமெந்தின் அடர்த்தி ஒன்றரை, ஆகவே 7,200 தொன். ஏழாயிரம் தொன் கொள்ளும் களஞ்சியம் இந்த வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை. திட்டமிடல் நிறுவனத்தின் முதல் அறிக்கை அந்தப் பதிலை மூன்று பக்கங்களில் தந்தது. செலுத்திய கட்டணத்தில் பாதி அந்த மூன்று பக்கங்களிலேயே தேறிவிட்டது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவர்கள் சொன்னது இதுதான். சீமெந்துக்கு அடர்த்தி ஒன்றல்ல, இரண்டு. காற்றோடு கலந்து குழாய் வழியே ஊதப்பட்டு விழும் சீமெந்து ஒரு கனமீற்றருக்கு 1.1 தொன் அளவில்தான் இருக்கும்; சில நாட்கள் கிடந்து அமுங்கிய சீமெந்து 1.5 தொன் வரை போகும். எவ்வளவு கொள்ளும் என்று கணக்கிடும்போது குறைந்த எண்ணையும், தரையும் சுவரும் எவ்வளவு தாங்க வேண்டும் என்று கணக்கிடும்போது கூடிய எண்ணையும் எடுக்க வேண்டும். குத்தகைக்குத் தந்தவர் கொள்ளளவுக்குத் தனக்கு வசதியான கூடிய எண்ணையே எடுத்திருந்தார். அடுத்து, சீமெந்தை அள்ளும் லோடர் உள்ளே வந்து திரும்புவதற்கு வாசல் பக்கத்தில் ஆறேழு மீற்றர் வெறுமையாக இருக்க வேண்டும். பழைய கல்லுச் சுவரில் சீமெந்தைச் சாய்க்கவே கூடாது. சுவருக்கு உட்புறமாக ஒரு மீற்றர் தள்ளிக் கொங்கிறீற்றில் தனியான தாங்குசுவர் எழுப்ப வேண்டும். இவை எல்லாம் கழிந்த பிறகு கையில் மிஞ்சுவது 33 மீற்றர் நீளமும் 18 மீற்றர் அகலமும். அதில் சுவரோரம் 2 மீற்றர், நடு முகட்டில் 4 மீற்றர் என்று குவித்தால் ஏறத்தாழ 1,950 தொன். பழைய சீமெந்தும் புதிய சீமெந்தும் கலக்காதபடி நடுவே ஒரு பிரிசுவர் எழுப்பி இரண்டு அறைகளாக்கினால் 1,800 தொன். ஏழாயிரத்தில் தொடங்கிய பேச்சு ஆயிரத்து எண்ணூறில் வந்து நின்றது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு குத்தகைப் பணத்தை மறுபடியும் பேசி ஓரளவு குறைத்தோம் என்பதையும் இந்தச் சேவையின் பலனாகவே சேர்க்க வேண்டும்.

தனியான தாங்குசுவர் எதற்கு, இருக்கின்ற சுவரைச் சற்றுத் தடிப்பாக்கினால் போதாதா என்று நாங்கள் விடாமல் கேட்டதற்கு, தளத்துக்கு வந்த இளம் பொறியியலாளர் ஒரு வாளியைக் கேட்டார். பவுசரில் இருந்து அப்போதுதான் இறங்கிய சீமெந்தை அந்த வாளியில் நிரப்பி, இரண்டு கைகளாலும் நன்றாக உலுக்கிவிட்டு, அருகில் கிடந்த ஓர் இரும்புக் கம்பித் துண்டை அதன்மேல் நிறுத்தினார். கம்பி, கிணற்றில் விழுந்த வாளி போலச் சத்தமின்றி அடிவரை இறங்கியது. வாளியை அப்படியே விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்து, இன்னொரு கம்பியை அதே வாளியில் குத்தச் சொன்னார். அரைச் சாண் இறங்கியதும் நின்றுவிட்டது. பலமாக அழுத்தியும் நகரவில்லை. காற்று உள்ளே இருக்கும்வரை சீமெந்து தண்ணீர் போல எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும், காற்று போன பிறகு மண் போல மூன்றில் ஒரு பங்கு விசையே பக்கவாட்டில் தள்ளும் என்றார். குத்தகைக்குத் தந்தவர் சொன்ன 6 மீற்றர் வேண்டாம், சுவரோரம் 5 மீற்றர் உயரத்துக்குப் புதிய சீமெந்தை ஊதி நிரப்பியிருந்தாலே, சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் கிட்டத்தட்ட 14 தொன் விசை விழுந்திருக்கும். அமுங்கிய சீமெந்தாக எண்ணிக் கணக்கிட்டால் 6 தொன் சொச்சமே வரும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலேதான் பல களஞ்சியங்களின் சுவர்கள் பிளக்கின்றன என்று அவர் சொன்னபோது, எங்களுடைய மேசன்மாரும் வேலையை விட்டுவிட்டு வந்து அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு தாங்குசுவரைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

சைலோவா, அதாவது உயரமான உருளைக் கொள்கலமா, தரைக் களஞ்சியமா என்ற கேள்வியையும் அவர்கள் நேர்மையாகவே அணுகினார்கள். சீனன்குடாப் பக்கம் போகும் எவருக்கும் பிறீமா மாவு ஆலையின் உயர்ந்த சைலோக்கள் கண்ணில் படும். எங்களுக்கும் அப்படி ஒன்றின் மேல் ஆசை இருந்தது. ஆயிரம் தொன் சீமெந்தை 8 மீற்றர் விட்டமுள்ள ஒரு சைலோவில் வைத்தால், ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 20 தொன் பாரம் இறங்கும். எங்களுடைய காணி நிரப்பப்பட்ட வயல் நிலம். மேல்மண்ணைத் தோண்டினால் கையில் ஒட்டும் களி. ஆழமாகத் தூண் இறக்காமல் அந்தப் பாரத்தை அங்கே நிறுத்த முடியாது. தரையில் பரப்பி 4 மீற்றர் உயரத்துக்குக் குவித்தால் 6 தொன்தான். சைலோவில் தூசி குறைவு, ஆள் குறைவு, முதலில் வந்தது முதலில் வெளியேறும். தரைக் களஞ்சியத்தில் இம்மூன்றும் தலைகீழ். இதை மறைக்காமல் எழுதி, ஒரு நாளைக்கு 60 தொன் மட்டும் வெளியேறும் எங்கள் அளவுக்குத் தரைக் களஞ்சியம் போதும் என்று கையொப்பமிட்டுத் தந்தார்கள். பெரிய வேலையைக் காட்டிப் பெரிய கட்டணம் வாங்கும் வழக்கம் இத்துறையில் இருப்பது தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

தரையைப் பற்றிய அவர்களுடைய குறிப்பும் சிறந்தது. பழைய தரையை முழுவதுமாக உடைத்து, முற்றத்தை விட 450 மில்லிமீற்றர் உயர்த்தி, ஆயிரம் கேஜ் பொலித்தீன் விரித்து, அதன்மேல் 200 மில்லிமீற்றர் தடிப்பில் கம்பி வலையுடன் கொங்கிறீற்று. நெல் மூடைகளுக்கு அடியில் மரப்பலகை போட்டு வைத்த காலத்தில் தரையின் ஈரம் ஒரு பொருட்டல்ல. சீமெந்து நேரடியாகத் தரையில் கிடக்கும்போது மண்ணிலிருந்து ஏறும் ஈரமே முதல் எதிரி. கூரைத் தகடுகளுக்குச் சாதாரண ஆணிகளை நீக்கிச் சூறாவளிக்கு ஏற்ற பிடிப்புகளைப் போடச் சொன்னார்கள். 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதை நேரில் கண்ட எங்களுக்கு அதை விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

லோடர் விடயத்தில் அவர்களோடு நான் சண்டை பிடித்தேன், தோற்றேன். எங்களிடம் ஏற்கெனவே ஒரு லோடர் இருந்தது. மணலும் சல்லியும் அள்ளுவது அதன் வேலை. 60 தொன் என்பது மூன்றரைத் தொன் கொள்ளும் வாளிக்குப் பதினேழு, பதினெட்டு வாளிதான். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத் தனியாக ஒரு லோடர் வாங்குவது வீண் என்று வாதிட்டேன். அவர்கள் எங்கள் லோடரின் வாளி மூலையில் ஒட்டியிருந்த ஈரமணலை விரலால் வழித்து எடுத்து ஒரு தாளில் வைத்து என்னிடம் நீட்டினார்கள். ஒரு கைப்பிடி ஈரமணல் சீமெந்துக் குவியலுக்குள் போனால் கட்டி கட்டியாக இறுகும், அந்தக் கட்டி சீமெந்தைத் தள்ளிச் செல்லும் திருகுக் கடத்திக்குள் போனால் அது நிற்கும், கலவைக்குள் போனால் கொங்கிறீற்றின் பலத்தைப் பரிசோதிக்க வார்க்கும் கனசதுரம் குறைந்த பாரத்திலேயே உடையும். பழைய லோடர் ஒன்றைத் தேடி வாங்கி, அது களஞ்சியத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று எழுதி ஒட்டினோம்.

இதுவரை எழுதியதை மட்டும் வாசித்தால் முழு மதிப்பெண் கொடுக்கத் தோன்றும். ஆனால் இந்தத் திட்டத்தில் எங்களுக்குப் பெருஞ்செலவு வைத்த தவறு ஒன்று உண்டு. அது கணக்கில் நேர்ந்ததல்ல. அவர்கள் தளத்துக்கு வந்தது 2023 ஓகஸ்டில். மேற்கிலிருந்து கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வீசும் மாதம் அது. பழைய களஞ்சியத்தின் பெரிய கதவு மேற்குப் பக்கம் வீதியைப் பார்த்து இருந்தது. கதவைத் திறந்தவுடன் காற்று உள்ளே புகுந்து எல்லாவற்றையும் கிளப்பியது. இதைப் பார்த்த அவர்கள், கதவைக் காற்றின் மறைவுப் பக்கத்துக்கு, அதாவது கிழக்குக்கு மாற்றும்படி வரைந்தார்கள். வரைபடத்தின் மூலையில் காற்றின் திசையைக் காட்டும் அம்புக்குறி ஒன்று மட்டுமே இருந்தது. திருகோணமலையில் அம்புக்குறி இரண்டு வேண்டும். கச்சான் ஓய்ந்து ஒக்டோபர் கடந்தால் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். எங்களுடைய ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த மூன்று நான்கு மாதங்களில்தான் பெய்கிறது. இதைக் கொட்பேயில் வலை பின்னிக்கொண்டிருக்கும் எவரிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நாங்களும் இவ்வூர்க்காரர்கள்தானே, வரைபடத்தைப் பார்த்தவுடன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், எங்களிடமும் நியாயமான பதில் இல்லை. ஓகஸ்டு வெயிலில் நின்றுகொண்டு மழையை நினைப்பது எவருக்கும் எளிதல்ல.

2024 டிசெம்பரில் ஓர் இரவு முழுவதும் வாடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் கதவைத் திறந்தேன். ஒழுக்கு எங்கும் இல்லை. கூரையும் தரையும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருந்தன. ஆனால் உருட்டுக் கதவின் பக்க இடுக்குகளாலும் அடியாலும் புகுந்த சாரல், வாசலுக்கு எதிரே இருந்த குவியலின் முகத்தை முழுவதுமாக நனைத்திருந்தது. மேலே இரண்டு விரல் தடிப்பில் ஒரு பொருக்கு. அப்பத்தின் ஓரம் போல விளிம்புகள் மேலெழும்பி, தட்டினால் ஓடு போலச் சத்தம் வந்தது. அந்தப் பொருக்கைப் பெயர்த்தால் உள்ளே சீமெந்து நல்லபடியாகவே இருந்தது என்பது ஆறுதல். பொருக்கு ஒரு வகையில் உள்ளிருப்பதைக் காப்பாற்றவும் செய்கிறது. ஆனால் பெயர்த்த துண்டுகளைப் பிரித்து அப்புறப்படுத்த, சுமை தூக்கும் ஐந்து நாட்டாமைகளுக்கு ஒரு முழு நாள் பிடித்தது. வெளியே கொட்டியது எத்தனை தொன் என்பதை நிறுத்துப் பார்க்க மனம் வரவில்லை. பின்னர் கதவுக்கு முன்னால் 8 மீற்றர் நீளத்துக்கு, இரு பக்கமும் தகடு அடைத்து, ஒரு முன்மண்டபம் போட்டோம். நிறுவனம் அதற்கான வரைபடத்தைக் கட்டணமில்லாமல் தந்தது. கட்டிய செலவு எங்களுடையது.

இரண்டாவது குறை தூசி. பவுசர் ஒன்று 25 தொன்னை ஊதி இறக்க முக்கால் மணி நேரம் எடுக்கும். அந்நேரம் முழுவதும் நிமிடத்துக்குச் சுமார் 20 கனமீற்றர் காற்று சீமெந்தோடு சேர்ந்து உள்ளே வரும். அந்தக் காற்றை வடிகட்டி வெளியேற்றத் துணிப்பை வடிகட்டி ஒன்றைக் கூரையோரம் பொருத்தச் சொன்னார்கள், அளவு சரி. ஆனால் கூரைத் தகட்டின் அலை வளைவுகளுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடைவெளிகளை அடைப்பது அவர்களுடைய பட்டியலில் இல்லை. முதல் மூன்று பவுசர் இறங்கிய மாலையில், எதிர்வீட்டு அம்மா காயப்போட்டிருந்த வெள்ளைச் சேலையை மடிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் அலுவலக மேசையில் விரித்தார். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த வாரமே வளைவுகளுக்கு நுரைப்பட்டி வைத்து அடைத்தோம். அதோடு, ஊதும் நேரத்தில் கதவு மூடியிருக்க வேண்டும், ஆகவே லோடர் வேலையும் பவுசர் இறக்குவதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடாது என்ற எளிய விதியையும் நாங்களேதான் கண்டுபிடித்தோம். ஐந்து மீற்றர் அகல உயரக் கதவு திறந்து கிடக்கும்போது எந்த வடிகட்டியின் விசிறியாலும் தூசியை உள்ளே பிடித்து வைக்க முடியாது. இப்போது காலையில் லோடர், பிற்பகலில் பவுசர். திட்டமிடும்போதே இந்த நேர ஒழுங்கைக் கேட்டிருந்தால் பவுசர் சாரதிகளோடு ஏற்பட்ட மனத்தாங்கல்களைத் தவிர்த்திருக்கலாம்.

லோடர் ஓட்டுகிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த இளைஞர். அறிக்கையில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: சாரதி முகமூடி அணிய வேண்டும். முதல் வாரம் முடிவில் அவர் என்னிடம் வந்து, "சேர், கண்ணாடியச் சாத்தினா வெக்கை, தொறந்தா தூசி. நான் எதக் குடிக்கிற?" என்று கேட்டார். ஈரமான சீமெந்து தோலைப் பொசுக்கும் அளவுக்குக் காரத்தன்மை உடையது. வியர்வையில் நனைந்த கழுத்தில் தூசி படிந்தால் அதுவே போதும். குளிரூட்டியும், வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் விசிறியும் பொருத்திய மூடிய அறை லோடருக்கு வேண்டும் என்பது அறிக்கையின் உபகரணப் பட்டியலில் முதல் வரியாக வந்திருக்க வேண்டியது. நாங்கள் அதைப் பின்னர் பொருத்தினோம்.

குவியலின் முகத்தைப் பற்றிய எச்சரிக்கை மட்டும் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. அமுங்கிய சீமெந்தை லோடர் அடியில் அள்ள அள்ள, மேல்பகுதி விழாமல் சுவர் போலச் செங்குத்தாக நிற்கும்; நிற்கிறதே என்று நம்பி முன்னால் போகிறவர் மேல் அது எந்த நேரமும் சரியும். அடியைக் குடையாமல் மேலிருந்து வாளியால் இழுத்து இறக்க வேண்டும், லோடர் இயங்கும் வேளையில் வேறு எவரும் உள்ளே காலடி வைக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அது அறுபது பக்க ஆங்கில அறிக்கையின் நாற்பதாவது பக்கத்தில் இருந்தது. வாசலில் ஒட்டுவதற்குத் தமிழில் தாருங்கள் என்று கேட்டபோது வந்த இரண்டு பக்கங்களில் குவியலின் முகம் என்பது மனித முகமாகிவிட்டிருந்தது; முகத்துக்கு எதிரே நிற்காதீர்கள் என்பதை முகத்தைப் பார்க்காதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். நாட்டாமைகள் அதை வாசித்துச் சிரித்தது எனக்குச் சிரிப்பாக இருக்கவில்லை. நானே உட்கார்ந்து ஒரு பக்கத்தில் திருப்பி எழுதினேன்.

எஞ்சுகின்ற இருப்பைப் பற்றியும் ஒரு சொல். லோடரின் வாளி விளிம்பு கொங்கிறீற்றைச் சுரண்டி அதன் துகள்களைச் சீமெந்தோடு கலக்காமல் இருக்க, தரையில் 50 மில்லிமீற்றர் படுக்கை ஒன்றை எப்போதும் விட்டுவைக்கிறோம். அது 40 தொன் அளவுக்கு முடங்கிக் கிடக்கும் பணம். திட்ட அறிக்கையின் வரவுசெலவு அட்டவணையில் முடங்கும் இருப்பு என்ற இடத்தில் பூச்சியம் போடப்பட்டிருந்தது. இரண்டு அறைகளையும் மாறி மாறி வெறுமையாக்கும்போது ஓரங்களில் ஒட்டியிருப்பதை ஆட்களை வைத்துச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கான கூலியும் அட்டவணையில் இல்லை. சீமெந்து மூன்று மாதம் கிடந்தால் ஐந்தில் ஒரு பங்கு பலம் குறையும் என்பது மூடைச் சீமெந்துக்குப் பாடநூல்கள் சொல்லும் கணக்கு. எங்களிடம் ஒரு அறை ஒரு மாதத்துக்கு மேல் கிடப்பதில்லை. ஆனால் சுரண்டப்படாத மூலைகளுக்கு அந்த உறுதி கிடையாது.

தீர்ப்பாகச் சொல்ல வேண்டுமானால், பாரம், சுவர், தரை ஆகிய மூன்றிலும் இவர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு வேலை கொடுக்கலாம். கட்டணம் கட்டட வேலை மதிப்பின் 4 சதவீதம். பெற்ற வரைபடங்களுக்கு அது கூடுதலாகத் தோன்றவில்லை. தொலைபேசியில் கேட்ட கேள்விகளுக்கு அதே நாளில் பதில் தந்தார்கள், பிழையைச் சுட்டியபோது சாக்குச் சொல்லவில்லை. காற்று, தூசி, உள்ளே நின்று வேலை செய்யும் ஆள், இந்த மூன்றையும் வாடிக்கையாளர்தான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

பக்கத்துக் காணியில் இரண்டாவது களஞ்சியம் ஒன்றைத் தொடங்குகிறோம். திட்ட வேலையை இவர்களுக்கே கொடுத்திருக்கிறோம். ஒப்பந்தத்தில் ஒரு வரி மட்டும் நாங்கள் சேர்த்தோம்: முதலாவது தள வருகை டிசெம்பர் மாதத்தில் நடைபெற வேண்டும். போன கிழமை அந்த இளம் பொறியியலாளர் அழைத்து, தங்குவதற்கு உப்புவெளிப் பக்கம் அறை எடுக்கட்டுமா என்று கேட்டார். எடுங்கள், ஆனால் மழைக்கோட்டும் ஒரு சோடி சப்பாத்தும் கூடுதலாகக் கொண்டுவாருங்கள் என்றேன்.